முன்பே இருந்த நோய்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மூன்றாம் மாடியில் குடியிருக்கும் பெண் ஒரு காலை கீழே இறங்கி வந்து என் கதவைத் தட்டி, "சார், ஒரு லெட்டர் எழுதித் தரணும்" என்றாள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு. கணவர் போய் மாதங்கள் ஆகின்றன, பாலிசிப் பணம் வரவில்லை, கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். "நீங்க நல்லா எழுதுவீங்கன்னு அவர் சொல்வார்" என்று கடைசியில் ஒன்றைச் சேர்த்தாள். அவர் என் எழுத்தில் ஒரு வரிகூடப் படித்ததில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் உச்சி குளிர்ந்து போய்ப் பேனாவை எடுத்துவிட்டேன்.

"ஐயா, என் கணவர்" என்று கடிதம் தொடங்கியது. அவர் எப்படிப்பட்டவர் என்று அடுத்த வரியில் சொல்லப் போனபோது கை வழுக்கிவிட்டது. கடிதத்தை ஒருவழியாக முடித்து அனுப்பினோம். (பதில் வந்தது: பரிசீலனையில் இருக்கிறது.) வழுக்கிய கை மட்டும் நிற்கவில்லை. அதுதான் நீங்கள் படித்துக்கொண்டிருப்பது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் எனக்கே பல விஷயங்கள் புரியவில்லை. புரியாதவன் எழுதிய கதையைப் படிக்க நேரமில்லாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். வருத்தப்பட மாட்டேன். (கொஞ்சம் வருத்தப்படுவேன்.)

2

முதல் தொடக்கம்:

"லிப்ட்காரர்* வீட்டுக்குள் நுழைந்ததும் சேரில் சாய்ந்தார். கருவிப் பை தோளிலிருந்து தானாக நழுவித் தரையில் விழுந்தது. வலது கை நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தது. 'என்ன ஆச்சு?' என்றாள் மனைவி. 'ஒண்ணுமில்ல, களைப்பு' என்றார். அவள் நம்பிவிட்டாள். நம்பியிருக்கக் கூடாது என்று அவளுக்கு அப்போது —"

[* கட்டடத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். ஊரில் நின்றுபோன லிப்டையெல்லாம் ஓட வைப்பவர் லிப்டே இல்லாத கட்டடத்தில் மூன்று மாடி ஏறிக் குடியிருந்தார். அவரிடமே இதைச் சொல்லிச் சிரிப்போம். அவரும் சிரிப்பார், ஆனால் கடைசியாகத்தான் சிரிப்பார்.]

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. நெஞ்சில் ஒரு கையை வைத்தாயிற்று. இந்த ஆள் போய்ச் சேரப் போகிறார் என்று வாசகருக்குப் புரிந்துவிடும். கதை எழுதப் பழகியவர்கள் எல்லோரும் செய்கிற வேலை இது. சாகப்போகிறவரை முதல் பக்கத்திலேயே இரண்டு தரம் இருமவிட்டுவிடுவோம். அப்போதுதான் பின்னால் வரும் சாவு திடுதிப்பென்று வந்ததாகத் தெரியாது, யாரும் எங்களைக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அவளிடம் படிக்கக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். தாளை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதை அவங்க பார்த்தா அவ்வளவுதான் சார்."

"யாரு?"

"கம்பெனிக்காரங்க. அவங்களும் இதையேதான் எழுதி வச்சிருக்காங்க."

3

கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைப்பது அவள் வேலை. கண் பரிசோதிப்பவர் வராத நாட்களில் அவளே லென்ஸ் பெட்டியைத் திறந்து, வந்தவர் மூக்கின் மேல் ஒன்று மாற்றி ஒன்று போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பாள். பாதிப் பேர் குழம்பிப் போய், "ரெண்டும் ஒண்ணாத்தாம்மா தெரியுது" என்பார்கள். முகம் சுளிக்காமல் முதலிலிருந்து தொடங்குவாள்.

அப்படி ஒருவர் மூக்கில் லென்ஸ் இருக்கும்போதுதான் போன் வந்தது. ஓர் அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், லிப்ட் மோட்டார் அறையில், சுவரில் சாய்ந்தபடி அவர் உட்கார்ந்திருந்ததாகக் காவலாளி சொன்னார். மடியில் ஸ்பேனர். கூப்பிட்டால் பதில் இல்லை. லிப்ட் ஓடிக்கொண்டிருந்தது, வேலையை முடித்துவிட்டிருந்தார். (கதை நயத்துக்காக இந்த லிப்ட் விஷயத்தை நான் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் இன்னும் அடக்கமாகச் சேர்த்திருப்பேன்.) டாக்டர் இதயம் நின்றதாக எழுதிக் கொடுத்தார். ஏன் நின்றது என்று எழுதவில்லை.

பாலிசி அவர் எடுத்து அதிக காலம் ஆகவில்லை. எடுத்த சூட்டோடு ஒருவர் போய்விட்டால் கம்பெனிக்கு ஒரு சந்தேகம் வருகிறது: இவருக்கு ஏற்கெனவே நோய் இருந்திருக்குமோ, தெரிந்தே மறைத்துப் பாலிசி எடுத்திருப்பாரோ என்று. 'முன்பே இருந்த நோய்' என்பது அவர்கள் சொல். அது மெய்யென்று ஆகிவிட்டால் பணம் கிடையாது. மெய்யென்றும் ஆகாமல் பொய்யென்றும் ஆகாமல் இழுத்துக்கொண்டே போனாலும் பணம் கிடையாது, ஆனால் மறுத்ததாகவும் ஆகாது. மறுத்தால் எதிர்த்து வழக்குப் போடலாம். அவர்கள் மறுப்பதே இல்லை, மரியாதையாக இன்னொன்று கேட்பார்கள்.

பணம் வந்தால் அவள் இதே வீட்டில் இருப்பாள். அவள் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்ந்து வராது. இப்போதைக்கு நாத்தனார் வாடகையைக் கட்டிக்கொண்டிருக்கிறார். வராவிட்டால் நாத்தனார் வீட்டுப் பின்னறைக்குப் போக வேண்டியதுதான். "ரூம் சும்மாதானே கிடக்கு, வந்துடு" என்று அவர் அன்பாகத்தான் சொல்கிறார். இவள் ஒவ்வொரு தடவையும் பேச்சை மாற்றிவிடுகிறாள்.

4

விசாரணைக்கு வந்தவர் இளைஞர். இவரை வில்லனாக்க நான் ரொம்பப் பாடுபட்டேன். கறுப்புக் கண்ணாடி மாட்டிப் பார்த்தேன், கேலிச் சிரிப்பு ஒன்றை ஒட்டிப் பார்த்தேன், எதுவும் நிற்கவில்லை. அவள் சொன்னபடி அவர் வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார், ஒரு வாய் தண்ணீர் கேட்டார், சுவரிலிருந்த படத்தை நெருங்கிப் போய்ப் பார்த்தார்.

"அண்ணன் முகத்துல சிரிப்பு இருக்குக்கா."

"போட்டோக்காரர் சிரிக்கச் சொல்லிச் சிரிச்சது. மத்தபடி லேசுல சிரிக்க மாட்டார்."

"அண்ணனைப் பத்திச் சொல்லுங்களேன்."

அவ்வளவுதான் கேள்வி. அவருடைய வேலை முறையே அது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் எப்படிப் போனார் என்று கேட்டார்கள், பிறகு பணம் எப்போது வரும் என்று கேட்டார்கள். அவர் எப்படி இருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. இவர் கேட்டதும் அவளுக்கு மடை திறந்தது.

"கொஞ்ச நாளாவே ஒரு மாதிரிதான் தம்பி இருந்தார். வேலை விட்டு வந்ததும் அப்படியே சேர்ல சாஞ்சிடுவார். நெஞ்சைத் தடவிக்கிட்டே இருப்பார். நான்தான் கவனிக்கல. கேஸ் ட்ரபிளா இருக்கும்னு விட்டுட்டேன். அன்னிக்கே புடிச்சு இழுத்துட்டுப் போயிருந்தா இருந்திருப்பார்ல?"

"மனசை விடாதீங்கக்கா. இது எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளாவே. யோசிச்சுப் பார்த்தா கல்யாணமான புதுசுலயே அப்படித்தான். நான் ஒரு மக்கு. பக்கத்துலயே இருந்தும் எனக்குத் தெரியல."

அவர் தலையாட்டினார். கண்கூடக் கலங்கியது என்கிறாள். கலங்கியிருக்கலாம், வேலையைப் பார்த்துக்கொண்டே கண் கலங்குகிறவர்கள் உண்டு. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, தாளின் அடியில் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டு போனார்.

[ஒரு இடைச்செருகல். அன்பானவரை இழந்த எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். பழைய நாட்களுக்குள் திரும்பப் போய் அங்கங்கே அறிகுறிகளை நட்டுவிட்டு வருகிறோம். அன்றைக்குச் சோற்றைப் பாதியில் வைத்தாரே, அன்றைக்குக் கூப்பிட்டும் திரும்பாமல் போனாரே. காரணமே இல்லாமல் ஒருவர் போய்விட்டார் என்பதைவிட, காரணம் இருந்தது, நான்தான் பார்க்கத் தவறினேன் என்பது ஏனோ தாங்கிக்கொள்ளக் கூடியதாக இருக்கிறது. நான் என் முதல் தொடக்கத்தில் செய்ததும் இதுதான், அவள் அந்த இளைஞரிடம் செய்ததும் இதுதான், கம்பெனி தன் கோப்பில் செய்துகொண்டிருப்பதும் இதுதான். மூன்று பேரில் யாருக்கு எதற்காக என்பதில்தான் வித்தியாசம். அந்த வித்தியாசம் எனக்கே சில நேரம் பிடிபடாமல் போகிறது.]

5

கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தில், தங்கள் வாக்குமூலத்தின்படி இறந்தவருக்குத் திருமணக் காலம் முதலே நெஞ்சு உபாதை இருந்ததாகத் தெரிவதால், அன்று முதல் அவர் பெற்ற மருத்துவச் சிகிச்சைப் பதிவுகள் அனைத்தையும் அனுப்பும்படி கேட்டிருந்தார்கள்.

"போகாத ஆஸ்பத்திரியில எப்படி சார் ரெக்கார்டு வாங்குறது?"

நியாயமான கேள்வி. அதையே நாகரிகமாக எழுதி அனுப்பினேன். எந்த மருத்துவமனையிலும் சிகிச்சை பெறவில்லை என்பதற்கு மருத்துவமனைகளின் சான்று வேண்டும் என்று பதில் வந்தது. எந்த மருத்துவமனைகள் என்று கேட்டோம். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். போனில் ஒவ்வொரு தடவையும் வேறொரு குரல் எடுத்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னது. அவளும் முதலிலிருந்து சொன்னாள். எனக்கு ஆத்திரத்தில் காது சூடாகிவிட்டது. அவளுக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது, அதுதான் மோசம். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கதை கொஞ்சம் நகர்ந்தது. ஒரு நாள் வலது கையால் தடவினார், இன்னொரு நாள் இடது கை. ஒரு நாள் நெஞ்சு, இன்னொரு நாள் சட்டைப் பைக்குப் பக்கம்.

"அவர் கை எப்பவும் கிரீஸா இருக்கும் சார். துணி தேட மாட்டார், சட்டையிலயே துடைப்பார். ஒருவேளை அதைத்தான் நான் —" என்று ஒரு நாள் பாதியில் நிறுத்தினாள். சட்டைகளை எடுத்துப் பார்த்தாளாம். எல்லாவற்றையும் துவைத்து மடித்து வைத்துவிட்டிருந்தாள்.

நாத்தனார் வந்தார். இந்தக் கதையில் குழப்பமே இல்லாத ஒரே ஆள் அவர்தான்.

"துக்கத்துல உளறிட்டேன்னு எழுதிக் குடுத்துடு. விஷயம் முடிஞ்சது. என் தம்பி கல்லாட்டம் இருந்தான்."

"உளறல அண்ணி."

"அப்ப நிஜமாவே நெஞ்சைப் புடிச்சானா?"

"தெரியல அண்ணி."

"கூடவே குடித்தனம் பண்ணினவ நீ. உனக்கே தெரியலன்னா வேற யாருக்குத் தெரியும்?"

அதட்டலாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டுவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். போனவர் அவருக்குத் தம்பி.

6

சரி, கெட்டது போகட்டும், கம்பெனிக்குப் பிடித்த மாதிரி ஒரு லிப்ட்காரரை எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

இரண்டாம் தொடக்கம்:

"லிப்ட்காரர் நல்ல திடகாத்திரமானவர். மாடிப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறுவார். வீட்டுக்குள் நுழைந்ததும் அன்று நடந்ததையெல்லாம் மனைவியிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். அவர் சேரில் சாய்ந்து ஒருவரும் பார்த்ததில்லை. களைப்பு என்ற சொல்லே அவர் வாயில் —"

அவள் படித்தாள். முதலில் சிரிப்பு வந்தது. அவர் போன பிறகு அவள் சிரித்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பிறகு தாளைத் தன்னிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்து மறுபடி படித்தாள், கடையில் லென்ஸைப் பார்ப்பதுபோல.

"இது யாரு சார்?"

"அவர்தான். கம்பெனிக்காக."

"இவர்கூட நான் குடித்தனம் பண்ணலையே." தாளை மேசையில் வைத்தாள். "சேர்ல சாஞ்சு உட்கார்ந்ததும் நான் தேங்காயெண்ணெயைத் துணியில தொட்டு அவர் விரலைத் துடைப்பேன். கிரீஸ் சோப்புக்குப் போகாது. ஒவ்வொரு விரலா துடைப்பேன். அப்பதான் சார் நாங்க பேசுறதே. களைப்பே இல்லன்னு எழுதிட்டீங்கன்னா சேர் இல்ல, சேர் இல்லன்னா அதுவும் இல்ல. அப்புறம் எங்களுக்குள்ள என்னதான் இருந்துச்சு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுத்தாளர்கள் தங்கள் கதையில் தாங்களே அழக்கூடாது என்பார்கள். அழுதேன், எழுதியும் வைக்கிறேன்.

7

முடிவுகள் என்று சிலவற்றை வைத்திருந்தேன்.

அ) 'துக்கத்தில் உளறினேன்' என்று எழுதிக் கொடுக்கிறாள். பணம் வருகிறது. அதே வீடு, அதே சேர். ஆனால் அவரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு இடத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்திவிடுகிறாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது ஞாபகம் வந்துவிடுகிறது.

ஆ) எழுதிக் கொடுக்கவில்லை. நாத்தனார் வீட்டுப் பின்னறைக்குப் போகிறாள். சேர் அந்த வாசலுக்குள் நுழையவில்லை. (அளந்து பார்க்கவில்லை. எல்லாவற்றையும் மோசமாகவே கற்பனை செய்வது என் பழக்கம்.)

இ) கம்பெனியின் பெரிய அதிகாரி இந்தக் கதையைப் படித்துக் கண்கலங்கி உடனே காசோலையில் கையெழுத்து —

இல்லை, இதை நானே கிழித்துப் போட்டேன். வெட்கமாக இருந்தது.

ஈ) விசாரணைக்கு வந்த அந்த இளைஞர் ஒரு நாள் திரும்ப வந்து, அக்கா, நான் எழுதிக்கிட்டதை —

இதுவும் நகரவில்லை. அவர் வேறு பகுதிக்கு மாற்றலாகிப் போய்விட்டாராம்.

இந்த நான்கையும் வைத்துக்கொண்டு நான் விழித்துக்கொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. இறந்தவரை அன்றாடம் நேரில் கண்டு பழகிய அயலார் ஒருவர், அவருடைய உடல்நிலை குறித்துத் தாம் கண்டதை எழுதிக் கொடுத்தால், அதன் அடிப்படையில் இறுதி முடிவு எடுக்கப்படும். 'இறுதி' என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை. போனில் எடுத்த குரலும் ஆமாம் என்றது. இதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டோம் என்றும் சொன்னது.

8

அவள் கடைக்குக் கிளம்பி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்தாள். கையில் ஒரு வெள்ளைத் தாள்.

"அயலார்னா நீங்கதான் சார். போற வழியில குடுத்துட்டுப் போயிடறேன்."

"என்ன எழுதணும்?"

"நீங்க பார்த்ததை."

"உங்களுக்கு எது வந்தா நல்லதுன்னு சொல்லுங்க, அப்படியே எழுதறேன். பொய் எழுதறதுதான் எனக்குத் தொழில்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வேண்டாம் சார். எனக்கு எது நடந்தது, எது நானா சேர்த்துக்கிட்டதுன்னு இப்பத் தெரியல. ராத்திரியும் பகலும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்க்கிறேன், ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. அவர் எப்படி இருந்தார்னு பார்த்த ஒரு ஆளாவது எனக்கு வேணும். பணம் வருதோ இல்லையோ, பார்த்ததை எழுதுங்க."

பார்த்ததை எழுத வேண்டுமென்றால், இதுவரை கதையில் நான் கொண்டுவராத ஒன்றைச் சொல்ல வேண்டும். என் வீடு தரைத்தளம். என் மேசை ஜன்னலை ஒட்டியது. படிக்கட்டு ஜன்னலுக்கு அடுத்துத் தொடங்குகிறது. வேலை முடிந்து வரும் லிப்ட்காரர் மாலையில் தவறாமல் அங்கே நிற்பார். பையைக் கீழே வைப்பார். ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வார். "என்ன எழுத்தாளரே, இன்னிக்கு யாரைக் கொன்னீங்க?" என்பார். நான் சொல்லத் தொடங்குவேன். அன்றைக்கு எழுதியது, எழுத முடியாமல் போனது, பத்திரிகை திருப்பி அனுப்பியது, எல்லாம். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். குறுக்கே பேச மாட்டார். நான் முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு மேலே ஏறுவார்.

என் வாழ்க்கையில் நான் பேசுவதை அப்படிப் பொறுமையாகக் கேட்டவர் வேறு யாரும் இல்லை. அவரை என் நண்பர் என்றுதான் நினைத்திருந்தேன். மாலையில் அவர் வருகைக்காகவே சில நாள் எழுதாமல் உட்கார்ந்திருப்பேன், சொல்லவும் எதுவும் இருக்காது, எதையாவது இட்டுக்கட்டிச் சொல்வேன்.

இப்போது அந்தக் கம்பியைப் பிடித்த கை கண்முன்னால் நிற்கிறது. குனிந்த தலை நிற்கிறது. மூன்று மாடி ஏறுவதற்கு முன் ஒருவர் தரைத்தளத்தில் ஏன் நிற்க வேண்டும்? நான் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாரா, மூச்சு அடங்கட்டும் என்று காத்திருந்தாரா? குறுக்கே பேசாதது மரியாதையா, முடியாமையா? உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. எத்தனை மாலைகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தாலும் தெரியவில்லை. நான் என்னைப் பற்றிப் பேசுவதில் மும்முரமாக இருந்தேன்.

"தினமும் நின்னார்" என்றேன் அவளிடம். "இங்கதான். ஜன்னல் பக்கத்துல."

அவளுக்கு இது புதிது. ஜன்னலருகே போய்க் கம்பி வழியாகப் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள்.

"எதுக்கு நின்னார் சார்?"

பேச நின்றார் என்று எழுதினால் அவளுக்கு அந்த வீடு மிஞ்சும், எனக்கு ஒரு நண்பர் இருந்தார் என்றாகும். எனக்கு இரண்டும் வேண்டும். அவ்வளவு ஆசையாக வேண்டியிருப்பதால் என் சாட்சியை நானே நம்ப மாட்டேன். மூச்சு வாங்க நின்றார் என்று எழுதினால் நான் நேர்மையானவன் என்று எனக்கு ஒரு திருப்தி கிடைக்கும், அதற்கு விலை அவள் கொடுக்க வேண்டும். அந்த நேர்மையும் நிஜமா என்று சொல்ல முடியாது. தெரியாது என்று எழுதலாம், அதுதான் மெய். கம்பெனி அதைப் பரிசீலனையில் வைத்துவிடும்.

அதனால் பேனாவை உங்களிடம் தருகிறேன். முதல் பக்கத்திலிருந்து கூடவே வந்திருக்கிறீர்கள், என்னைவிடக் கவனமாகவும் கேட்டிருப்பீர்கள். பாதி வாக்கியம் எழுதி வைத்திருக்கிறேன், மீதியை முடித்துக் கையெழுத்துப் போட்டால் போதும். அவள் கதவோரம் நின்றுகொண்டிருக்கிறாள், உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறாள். கடைக்கு நேரமாகிறது. தயவுசெய்து நீங்களும் அவளைக் காக்க வைக்காதீர்கள்.

"லிப்ட்காரர் தினமும் மாலையில், படியேறுவதற்கு முன், என் ஜன்னலருகே நின்று —